பூனை பிடிக்காதவர்

போன மாதம் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மூன்று பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வளாகத்தில் பூனைகள் பெருகிவிட்டனவாம், இங்கே எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டுப்போக வந்திருந்தார்கள். கையில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தார்கள். கூண்டு எங்கே கிடைக்கும், ஒரு நாளைக்கு எத்தனை பூனையைக் கொண்டுபோகலாம், ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "எங்க இடத்துல பூனை மேல ஆசை உள்ளவங்க ஆறேழு பேர்தான் இருக்கோம். இன்னும் ஆள் சேர்க்கணும், எப்படிச் சேர்க்கிறது?" என்றார் அவர்களில் மூத்தவர். நான் யோசிக்காமல், "பூனையைக் கண்டாலே ஆகாதவர் ஒருத்தர் இருப்பாரே, சங்கக் கூட்டத்துல எழுந்து கத்துவாரே, முதல்ல அவரைப் பிடிங்க" என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பார்கள். 'பிடிக்கும்' என்கிற ஒரே சொல்லைத் தமிழ் இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பூனை பிடிக்கும். இப்போது கூண்டு வைத்துப் பூனை பிடிக்கவும் செய்கிறேன். இந்த இரண்டாவது பிடித்தலை எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தவர், முதல் பிடித்தல் துளிகூட இல்லாத ஒரு மனிதர். நாலு வருடமாகியும் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொன்னால் ஒரு குட்டி செத்த கதையையும் சொல்ல வேண்டும். அது என் கையால் நடந்தது.

சிரிப்புக்கு ஆளான நோட்டு

அவர் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டம் என்றால் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றோடு வருவார். தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்ததும் எழுந்து நின்று நோட்டைப் பிரித்து வாசிப்பார். "ஆறாம் தேதி, இரவு ஒன்று நாற்பது, சாம்பல் நிறக் கடுவனும் வால் அறுந்த கடுவனும் சண்டை, இருபது நிமிடம். ஒன்பதாம் தேதி, காலை, என் ஸ்கூட்டர் சீட்டில் நகக்கீறல். பதினொன்றாம் தேதி, பி பிளாக் படிக்கட்டுக்குக் கீழே மூத்திர நாற்றம்." பால்கனியில் குருவிக்குத் தண்ணீர்த் தட்டு வைத்திருந்தார். அதன் அடியில் இறகு கிடந்த தேதிகளும் அதில் இருந்தன. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். பூனைக்குப் போய் ஒரு மனுஷன் பேரேடு எழுதுவானா என்று அடுத்தவள் காதில் கிசுகிசுத்ததும் நான்தான்.

எதிர் முனையில் தரைத்தள அக்கா. காலையும் மாலையும் பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பவர். பத்து வருடமாக வைக்கிறார். அவர் கதவு திறக்கும் சத்தத்துக்கே கார்களுக்கு அடியிலிருந்து வால்கள் கிளம்பும். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, எல்லாமே அவருக்குப் பிள்ளைகள். எனக்கு அக்காவைத்தான் பிடித்திருந்தது. பூனைக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று உலகமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

சங்கம் ஒருநாள், பூனைகளைப் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாம் என்று தீர்மானம் போடப் பார்த்தது. அதைத் தடுக்கத்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. பிரிட்டனில் 1970களிலேயே தெருப்பூனைகளுக்குச் செய்யத் தொடங்கிவிட்ட முறை இது. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே இதற்கு ஆயிற்று என்று தெரிந்துவிடும், அதே பூனையை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைத் திறக்கிற கொடுமை நடக்காது. சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், இது அளவுகோல் வைத்தாற்போல் இருக்கும்.

அக்காவிடம் போனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். "பிடிச்சுட்டுப் போய் வயித்தை அறுக்கப் போறியா? அதுங்க வாயில்லா ஜீவன்டி. ஒரு தடவையாவது பெத்துட்டுப் போகட்டுமே." அந்த 'ஒரு தடவையாவது' எல்லா ஊரிலும் எல்லோரும் சொல்வது. அதில் பூனைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டைகளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைவு என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இதையெல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். அவர் அசையவில்லை. கடைசியில், "போன வருஷம் எத்தனை குட்டி பிறந்துச்சுக்கா? அதுல இப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். வேலி ஓரம் மண்ணைத் தோண்டி அவர் புதைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரிந்தேதான் கேட்டேன். அது கொஞ்சம் கொடூரமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் காலை அவரே வந்து, "எத்தனை மணிக்குக் கூண்டு வைக்கணும்?" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் மனசுக்குள் ஓடியிருக்கக்கூடிய கணக்கு புத்தகத்திலும் இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப்பூனைகளின் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 169 குட்டிகளில் 127 ஆறு மாதம் ஆவதற்குள் செத்தோ காணாமலோ போயின, நாலில் மூன்று. ஒரு ஜோடிப் பூனை ஏழு வருடத்தில் 4,20,000 பூனைகள் ஆகும் என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அது பிறந்ததெல்லாம் பிழைத்தால்தான் வரும். பூனை பெருகுகிறது என்று நாம் பயப்படுகிற இடத்தில் உண்மையில் பெருகுவது குட்டிச் சாவுகள்.

ஒட்டிய வயிறு

கூண்டு ஒரு தொண்டு அமைப்பிடம் இரவல் வாங்கினேன். நீளமான கம்பிப் பெட்டி, உள்ளே கடைசியில் சாப்பாடு, நடுவில் மிதித்தால் கதவு விழுகிற தகடு. முதல் நான்கு நாள் கதவு விழாதபடி கட்டிவைத்து உள்ளேயே சாப்பாடு வைக்க வேண்டும், பூனைக்குப் பழகட்டும் என்று. அக்கா நாள் முழுக்கத் தட்டு வைப்பதை நிறுத்தி, வேளைக்கு அரைமணி நேரம் என்று மாற்ற வேண்டியிருந்தது. பிடிக்கிற நாளுக்கு முந்திய நாள் ஒன்றும் வைக்கக் கூடாது. அந்த ஒரு நாள் அக்கா தன் வீட்டு ஜன்னல்களை எல்லாம் மூடிக்கொண்டார். பூனைகள் வாசலில் உட்கார்ந்து கத்தினதை அவரால் கேட்க முடியவில்லை.

நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு, சினைப் பூனை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கும் தாளிலேயே அந்தக் கேள்வி இருந்தது: சினையாக இருந்தால் ஆபரேஷனைத் தொடரலாமா? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகத் தொடரலாம் என்று போட்டேன். சரியா தப்பா என்று இன்று வரை தெளியவில்லை. அந்தக் கட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் பேனா நிற்கிறது, நின்றுவிட்டு அதே இடத்தில்தான் குறி போடுகிறது.

அன்று மாலை ஏழு மணிக்குக் கதவு விழுந்தது. மூன்று நிறப் பூனை. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான். அந்த நிறக்கலவைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும். உள்ளே அது சுவரில் மோதுகிற மாதிரி மோதியது. பழைய போர்வையை மேலே போட்டதும் அடங்கிவிட்டது. இருட்டானால் பூனைக்குப் பாதி பயம் போய்விடும். போர்வையின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்து முதலில் வயிற்றைப் பார்த்தேன். ஒட்டிக் கிடந்தது. அப்பாடா, சினை இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. இரவு குளியலறையில் கூண்டோடு வைத்திருந்து காலை எட்டு மணிக்குக் கொண்டுபோய் விட்டேன். என்னமோ பெரிய சாதனை செய்தவள் மாதிரி அக்காவுக்குப் போன் செய்து, "ஒண்ணு முடிஞ்சதுக்கா" என்றேன்.

பதினொன்றரைக்கு டாக்டர் கூப்பிட்டார். "மேடம், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா இது பால் கொடுக்கிற தாய். மயக்கம் கொடுத்து முடியை மழிக்கும்போதுதான் பார்த்தோம். குட்டிங்க எங்கே?"

வயிறு ஒட்டியிருந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அது குட்டி போட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. முலைக்காம்பைச் சுற்றி முடி தேய்ந்து இளஞ்சிவப்பாகத் தெரியும், டார்ச்சை இன்னும் நாலு விரல் கீழே இறக்கியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் தேடியது பெரிய வயிற்றை. அது இல்லை என்றதும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மாலை ஏழிலிருந்து மறுநாள் பதினொன்றரை, பதினாறரை மணி நேரம். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். அதைவிட முக்கியம் சூடு. முதல் சில வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அவற்றுக்குத் தெரியாது, தாயின் வயிறுதான் அடுப்பு. கருத்தடை செய்தாலும் பால் வற்றாது, முழுசாகத் தெளிந்ததும் சாயங்காலம் விட்டால் போய்க் கொடுக்கும், அதற்குள் குட்டிகளைக் கண்டுபிடியுங்கள் என்றார் டாக்டர்.

எங்கே என்று தேடுவது? அக்காவுக்கு அந்தப் பூனை குட்டி போட்டதே தெரியாது. "மெலிஞ்சிருக்கேன்னு நினைச்சேன்டி, மெலிஞ்சிருக்கேன்னு நினைச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கார்களுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இடுக்கில் என்று இரண்டு பேரும் முட்டி தேய்ந்தோம். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழில் எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பூனை மேல் உயிராக இருந்த நான்கு வீட்டிலும் கேட்டோம். நால்வரும் வருத்தப்பட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது மாடிக் கதவை நான் தட்டவில்லை, வெட்கமாக இருந்தது. நாங்கள் கீழே அலைவதைப் பார்த்துவிட்டு அவரே பால்கனியிலிருந்து, "என்னம்மா தேடறீங்க?" என்றார். சொன்னேன். அவர் உள்ளே போனார். ஒரு நிமிடம் கழித்து அந்த நீள நோட்டோடு படி இறங்கி வந்தார். எதையும் கேட்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"எட்டு நாளா ராத்திரியில குட்டிச் சத்தம் இருக்கு. ஜெனரேட்டர் அறைக்குப் பின்பக்கம். தினமும் கொஞ்ச நேரம்தான் கேட்கும், தாய் வந்துட்டா அடங்கிடும். நேத்து ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பிச்சுது. நிக்கவே இல்ல. நான் தூங்கல." ஒரு வரி தள்ளி விரலை வைத்தார். "காலையில அஞ்சு பத்துக்கு நின்னுபோச்சு."

ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். உடைந்த ஓடுகளும் பழைய பெயின்ட் டப்பாக்களும் கிடந்தன. அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், நான் நுழைந்தேன். கிழிந்த சாக்கு ஒன்றின் மடிப்பில் நான்கு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே கிடந்ததைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன், கல்லைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. அடியில் மூன்றும் அசைந்தன, சத்தம் இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடின. செத்தது ஆரஞ்சு நிறம், மற்ற மூன்றும் சாம்பல். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று அப்பாக்கள் இருக்கலாம். பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் சினைமுட்டையே வெளிப்படும், அந்த நாட்களில் யார் யார் வந்து போனார்களோ அவர்களெல்லாம் பங்காளிகள். அந்த ஆரஞ்சின் அப்பன் யார் என்றுகூட அந்த நோட்டில் இருந்திருக்கும்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பால், பால் என்று அக்கா ஓடினார். டாக்டர் போனிலேயே தடுத்தார். குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் ஊற்றினால் செரிக்காது, அதுவே கொன்றுவிடும், முதலில் சூடேற்றுங்கள், மெதுவாக, அப்புறம் பூனைக்குட்டிக்கென்று விற்கிற மாவுப்பால் மட்டும் கரைத்துக் கொடுங்கள், மாட்டுப்பால் வேண்டாம் என்றார். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தோம். மூன்றாவது மாடிக்காரர் பெட்டியையும் தொடவில்லை, குட்டியையும் தொடவில்லை. அரைமணிக்கு ஒருமுறை, "தண்ணி ஆறிடுச்சா?" என்று கேட்டு, புது வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தார். நாலு தடவை ஏறி இறங்கியிருப்பார்.

மாலை ஏழரைக்குத் தாயைக் கொண்டுவந்து, குட்டிகள் கிடந்த அதே சாக்கில் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டு, கூண்டைத் திறந்தேன். அது நேர் எதிர்த்திசையில் பாய்ந்து மதிலைத் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் மூவரும் பார்க்கிங்கில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதே காலுக்கு மதில் மேல் வந்து நின்றது. இறங்குமா மாட்டாதா என்று பத்து நிமிடம். மதில் மேல் பூனை என்று எத்தனையோ தடவை பேச்சில் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்தச் சின்னச் சத்தம் வந்து அடங்கியது. அவர் மணியைப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, "குட் நைட்" என்று மேலே போய்விட்டார்.

இருபத்துமூன்று

மறுவாரம் நானே போய் அந்த நோட்டைக் கேட்டேன். சிரித்ததுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "எனக்கு இந்தச் சனியனுங்களைப் பிடிக்காதும்மா. இப்பவும் பிடிக்காது. ஆனா இத்தனை வருஷமா யாரும் எண்ணலையேன்னு இருந்துச்சு" என்றார். உட்கார்ந்து பெயர் போட்டோம். அக்கா பதினொன்று பூனை இருக்கிறது என்று சொல்லியிருந்தார், எனக்குத் தெரிந்தது எட்டு. அவர் கணக்கில் இருபத்துமூன்று. அக்காவின் தட்டுக்கு வருகிறவற்றைத்தான் அக்கா பார்த்தார். தட்டுக்கே வராமல் நள்ளிரவில் குப்பைத்தொட்டியோடு குடித்தனம் நடத்துகிற பன்னிரண்டை, தூக்கம் வராமல் எரிச்சலோடு விழித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

பதினொன்று என்று நம்பி எட்டுக்கு ஆபரேஷன் செய்திருந்தால் முக்கால்வாசி முடிந்தது என்று கைதட்டிக்கொண்டிருப்போம். இருபத்துமூன்றில் எட்டு என்பது ஒன்றுமே இல்லை. பாதிக்கு மேல் செய்துவிட்டால் போதும் என்பது இந்த வேலையில் ஒரு பெரிய ஏமாற்று. அமெரிக்காவில் இரண்டு கவுண்டிகளில், நம் மாவட்டம் மாதிரி, ஆயிரக்கணக்கான பூனைகளுக்குச் செய்த பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லை என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. ஓரிடத்தில் 71 சதவீதம், மற்றதில் 94 சதவீதம் செய்திருந்தால்தான் இறங்கியிருக்கும் என்று அவர்கள் கணக்கு. விட்டுப்போன நாலைந்து பெட்டைகள் போதும். நாலு மாதத்திலேயே சினை பிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினைக்கு நிற்கும். நாம் ஆறு மாதம் அசந்தால் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவருடைய புகார்ப் பட்டியலை மருத்துவரிடம் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். இதில் பெரும்பாலானதற்குக் காரணம் கடுவன்களின் ஹார்மோன் என்றார். இரவுச் சண்டை, அந்த அலறல், படிக்கட்டில் மூத்திரம் பீய்ச்சி எல்லை வகுப்பது எல்லாம் விதை நீக்கியதும் சில வாரங்களில் பெருமளவு குறையும். குறைந்தது. சண்டை குறைந்தால் கடி குறையும், பூனைக்குப் பூனை கடியில் பரவி நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி கிருமியும் குறையும். அவருக்குத் தூக்கம் கிடைத்தது, வால் அறுந்த கடுவன் முதல்முறையாக உடம்பில் புண் இல்லாமல் ஒரு கோடையைக் கழித்தது. இருவரும் ஒரே ஆபரேஷனால் பயனடைந்தார்கள், ஒருவரை ஒருவர் இன்னும் முறைத்துக்கொள்கிறார்கள்.

அவருடைய ஒரு புகாருக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, குருவி. அமெரிக்காவில் மட்டும் வெளியில் திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013இல் மதிப்பிட்டார்கள், அதில் பெரும்பங்கு வீட்டுக்காரர் இல்லாத பூனைகளால். கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். பூனைப் பிரியர்கள் கூடினால் இந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பதைப் பூனை வளர்ப்பவர்கள்தான் முதலில் மறக்கிறோம். எண்ணிக்கை குறைந்தால் இறகும் குறையும் என்பது மட்டும்தான் நான் அவருக்குச் சொன்னது. "பார்ப்போம்" என்று அதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினார்.

'வேறெங்காவது விட்டுவிடுவோம்' என்ற பழைய யோசனையும் அவருடையதுதான். அதை அவராகவே கைவிட்டார், நான் கொடுத்த இரண்டு கதைகளைப் படித்துவிட்டு. தென் டாஸ்மேனியாவின் காடுகளில் சில இடங்களில் பூனைகளைப் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். அந்த மாதங்களில் அங்கே பூனைகள் கூடின. காலியான இடத்துக்குச் சுற்றுப்புறத்துப் பூனைகள் வந்து சேர்ந்ததாக இருக்கலாம் என்றது 2015இல் வந்த ஆய்வு. முழுசாக அழித்த இடங்களும் உண்டு, ஆனால் அதற்குத் தீவு வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவுக்கு 1949இல் எலி பிடிக்க ஐந்து பூனைகள் போயின. 1977இல் அவை ஏறக்குறைய 3,400. வைரஸ் நோயைப் பரப்பினார்கள், இரவில் துப்பாக்கியோடு அலைந்தார்கள், பொறி வைத்தார்கள், கடைசிப் பூனை போக 1991 ஆயிற்று. "நமக்குச் சுத்தியும் கடல் இல்ல, நாலு பக்கமும் தெருதான் இருக்கு" என்றார். கணக்கர் அல்லவா.

முழுக் காது

நாலு வருடத்தில் அந்த இருபத்துமூன்று இப்போது ஒன்பது. ஆறு, வீடுகளுக்குப் போயின. மனிதர் கை பழகுவதற்கு முதல் ஏழெட்டு வாரம்தான் நல்ல காலம், அதற்குள் பிடித்த குட்டிகள் எல்லாம் அப்படிப் போனவை. ஜெனரேட்டர் அறைக் குட்டிகளில் இரண்டும் அதில் சேர்த்தி. இரண்டு வண்டியில் அடிபட்டன. மற்றவை வயதாகியோ நோயிலோ போயின, சிலது என்ன ஆனதென்று தெரியாது, நோட்டில் கேள்விக்குறி இருக்கிறது. வளாகத்துக்குள் குட்டி பிறந்து இரண்டரை வருடமாகிறது. அமெரிக்காவில் நியூபரிபோர்ட் துறைமுகத்தில் 1992இல் முந்நூறு பூனைகளோடு தொடங்கி 2009இல் கடைசிப் பூனையும் மூப்பில் இறக்கும் வரை பதினேழு வருடம் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். பதினேழு என்றதும் அவர், "எனக்கு அவ்வளவு வயசு இல்லம்மா" என்றார்.

அக்கா இப்போதும் சாப்பாடு வைக்கிறார், அரைமணி நேரம் மட்டும். ஆரஞ்சுக் குட்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் கூண்டில் எது விழுந்தாலும் போர்வையைத் தூக்கி டார்ச் அடித்து, முலையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொடுக்கிறார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு முறை, பால் இருக்கிறது என்று அங்கேயே திறந்துவிட்டிருக்கிறார், குட்டிகள் தானாகத் தின்னத் தொடங்கிய பிறகு தாயையும் குட்டிகளையும் சேர்த்துப் பிடித்தோம்.

ரோம் நகரத்தில் 1991லிருந்து பத்து வருடம், ஏறக்குறைய எட்டாயிரம் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். எண்ணிக்கை இறங்கவும் செய்தது. ஆனால் கூட்டங்களில் புதிதாக வந்து சேர்ந்தவை மட்டும் 21 சதவீதம், அதில் வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கைவிட்டவையும் அடக்கம். வீட்டுப் பூனைகளுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்பதை ஜனங்களுக்குப் புரியவைக்காவிட்டால் இத்தனை பாடும் பணமும் வீண் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். நோட்டில் இதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று ஒரு வாரம் யோசித்து 'வரவு' என்று போட்டார் அவர். இப்போதைக்கு அந்தப் பக்கத்தில் ஐந்து வரி.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன். எடுத்ததும் வணக்கம்கூட இல்லை.

"கேட் பக்கத்துல அட்டைப்பெட்டி ஒண்ணு வெச்சுட்டுப் போயிருக்காங்க. பெரிசு ஒண்ணு, வெள்ளை. கழுத்துல மணி கட்டியிருக்கு."

"காது பார்த்தீங்களா சார்?"

"பார்க்காம போன் பண்ணுவேனா? ரெண்டும் முழுசா இருக்கு. வயிறு ஒட்டித்தான் இருக்கு, அதை வெச்சு ஒண்ணும் சொல்லிடாதே. அக்காவை எழுப்பு, டார்ச் எடுத்துட்டு வரச் சொல்லு."